பன்னிரண்டு கொடுக்கும் கார்

எங்கள் பக்கத்தில் யாராவது கார் வாங்கினால் அதன் நிறத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். எத்தனை பேர் உட்காரலாம், ஏசி குளிருமா என்பதெல்லாம் அப்புறம்தான். வண்டி வாசலில் வந்து நின்று எஞ்சின் சூடு ஆறுவதற்குள் முதல் கேள்வி வந்துவிடும்: "என்ன கொடுக்கு?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று அர்த்தம். பதில் நன்றாக இருந்தால் வாங்கினவன் கெட்டிக்காரன். இல்லாவிட்டால் அம்பாசமுத்திரம் முழுக்க அவன் ஏமாந்த கதை இரண்டு நாளில் பரவிவிடும்.

நான் வாங்கியது இருபது வருஷப் பழைய கார். வெள்ளி நிறம், டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின். அது புதிதாக வந்த காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ரோட்டில் ஒன்று போனால் நின்று பார்ப்பேன். கோயம்புத்தூரில் ஒருவர் விற்கிறார் என்று தெரிந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் மனைவிக்குப் புதிதாக, சின்னதாக, சொன்னபடி கேட்கிற ஒரு கார் போதும். "இந்த வயசுல இந்த வேகம் உங்களுக்கு எதுக்கு?" என்று ஒரு மாதம் கேட்டாள். கடைசியில் என் முகத்தைப் பார்த்துச் சலித்துப்போய்ச் சரி என்றாள்.

கோயம்புத்தூரிலிருந்து ஓட்டி வந்தபோதே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. அங்கே தொட்டி நிறையப் போட்டுக் கிளம்பினேன். பாதி வழியில் மறுபடி நிறைத்து வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு ஏழு. நான்கு வழிச் சாலையில் மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகை யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி ஒரு சுகம் வருமே, அந்தச் சுகத்துக்குக் கொடுத்த விலை அது. மெதுவாக ஓட்டினால் கூடக் கொடுக்கும் என்று எனக்கும் தெரியும். மிதிக்காமல் இருக்கத்தான் என்னால் முடியவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். என்னோடு பாபநாசம் நீர்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பாக்கதுக்கு ஜம்முனு இருக்கு வே. என்ன கொடுக்கு?"

என் மனைவி ஆரத்தித் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஏழு என்று சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். யானையைக் கட்டித் தீனி போடப் போறீரோ என்பார்; மறுநாள் ஷிப்ட் முழுக்கச் சிரிப்பார்கள். கோயம்புத்தூர்க்காரர் கொடுத்த பழைய விளம்பரத் தாளில் பன்னிரண்டு என்று அச்சாகியிருந்தது. "பன்னெண்டு கொடுக்கு," என்றேன்.

"பரவால்லயே," என்று அவர் போய்விட்டார். பிரச்சனை அவர் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் மனைவி சொன்னாள்: "பன்னெண்டு கொடுக்குன்னா நல்லதுதான். நான்தான் ரொம்பப் பயந்துட்டேன்." ஒரு மாதமாக அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அப்போதுதான் விட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏழு என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த 'நாளைக்கு' என்பது மூன்று வருஷம் நீண்டது.

அதோடு விட்டிருந்தால் வெறும் ஜம்பம் என்று போயிருக்கும். வாங்கிய இரண்டாம் மாதமே பெட்ரோல் முள் கெட்டுப்போனது. தொட்டிக்குள் இருக்கும் மிதவை போய்விட்டது. அந்த வண்டிக்கு இப்போது பாகம் வருவதில்லை. முள் எப்போதும் பாதியில் நிற்கும். பெட்ரோல் தீரும்போது எரிய வேண்டிய விளக்கும் எரியாது. மெக்கானிக் சொன்ன வழி ஒன்றுதான்: தொட்டியை நிறைத்ததும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கு, ஓடின தூரத்தை வைத்துக் கணக்குப் போடு.

என் மனைவி அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறவள். சீட்டில் எழுதியிருக்கிற அளவை நம்பி எண்ணிக் கொடுப்பது அவள் தொழில். அவள் உடனே கணக்குப் போட்டாள். தொட்டி ஐம்பது லிட்டர். பன்னிரண்டு கொடுத்தால் அறுநூறு கிலோமீட்டர். எதற்கும் நூறு குறைத்து ஐந்நூறு ஆனதும் நிறைப்போம். வீட்டில் அது சட்டமானது.

நான் செய்த கெட்டிக்காரத்தனம் என்ன தெரியுமா? வேலைக்குக் காரில் போகும் நாட்களில் விக்கிரமசிங்கபுரத்து பங்க்கில் நிறுத்தி, பத்துப் பதினைந்து லிட்டர் போட்டுக்கொள்வேன். டிரிப் மீட்டரைத் தொடமாட்டேன். ஐந்நூறு வந்ததும் குடும்பத்தோடு போய் நிறைப்போம். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு லிட்டர் ஏறும்படி நான் முன்னமே சரிக்கட்டி வைத்திருப்பேன். அவள் போனில் வகுத்துப் பார்த்து, "கரெக்டா பன்னெண்டு," என்பாள். பின் சீட்டிலிருந்து என் மகளும், "அப்பா காருன்னா சும்மாவா," என்பாள். எனக்குப் பெருமையாக வேறு இருந்தது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

நீர்மின் நிலையத்தில் என் வேலையே மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து எழுதுவது. எத்தனை தண்ணீர் போனது, எத்தனை யூனிட் வந்தது. இருபது வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. அங்கே அவ்வளவு யோக்கியன்.

என் மகளுக்கு மருத்துவ நுழைவுத் தேர்வு. போன வருஷம் சொற்ப மதிப்பெண்ணில் தவறவிட்டு, ஒரு வருஷம் வீட்டிலிருந்து படித்து, இரண்டாம் முறையாக எழுதுகிறாள். இதுதான் கடைசி என்று அவளே சொல்லிவிட்டாள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. பாளையங்கோட்டை தாண்டித் திருச்செந்தூர் ரோட்டில் ஒரு கல்லூரியில் மையம். ஒன்றரைக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் கலெக்டர் பிள்ளையானாலும் வெளியேதான்.

அந்த வாரம் எங்கள் நிலையத்தில் இரண்டு பேர் விடுப்பு. எனக்குத் தொடர்ந்து ஷிப்ட். முந்தின ஞாயிறு தொட்டியை நிறைத்ததிலிருந்து கார் முழுக்க மனைவி கையில் இருந்தது. தினமும் மகளைத் திருநெல்வேலியில் கடைசி நேர வகுப்புக்கு அழைத்துப் போனாள். சனிக்கிழமை நான் நிலையத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. அங்கே தாழ்வாரத்தின் ஒரு மூலையில் நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும்.

ஞாயிறு பதினொன்றே முக்காலுக்கு மகளுக்கு ஒரு வார்த்தை வாழ்த்துச் சொல்லலாம் என்று அந்த மூலைக்குப் போனேன். மனைவி முந்தின நாள் அனுப்பிய செய்தி அப்போதுதான் வந்து விழுந்தது: 'டிரிப் 318 ஆயிருக்கு. இன்னும் 180 இருக்கு. நாளைக்கு பெட்ரோல் போட வேண்டாம், நேரா போயிருதோம்.' அதற்குக் கீழே பதினொன்றே காலுக்கு ஒன்று: 'கிளம்பிட்டோம்.'

முந்நூற்றுப் பதினெட்டு. அந்த முந்நூற்றுப் பதினெட்டில் நான் ஒரு சொட்டும் போடவில்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஏழால் வகுத்தேன். நாற்பத்தைந்து லிட்டர் போயிருக்கும். மிச்சம் ஐந்து. போக வேண்டியது அம்பாசமுத்திரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஏழு கொடுத்தால் முப்பத்தைந்தில் நிற்கும். மேலப்பாளையத்தைக்கூடத் தாண்டாது. ஆனால் அவள் என்னை மாதிரி மிதிப்பவள் இல்லை. பைய ஓட்டுவாள், அவளுக்கு ஒன்பது, பத்துகூடக் கொடுக்கலாம். அப்படியானால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் வகுப்பு வாசலில் மகள் காருக்குள் உட்கார்ந்து படிக்க, ஏசி போட்டு எத்தனை மணி நேரம் நின்றாளோ. நின்ற வண்டி குடித்தது டிரிப் மீட்டரில் வராதே.

போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவள் போனை எடுக்கவே மாட்டாள். மகள் பக்கத்தில் படித்தால் சத்தத்தையும் அடக்கிவிடுவாள். மகள் போனோ வீட்டு மேஜையில். தேர்வுக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. ஏழு தடவை அடித்தேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அதுவும் அவள் மேல்! ஒரு போனை எடுக்கத் துப்பு இல்லையா என்று வாய்விட்டுக் கத்தினேன். என் தப்புக்கு அவள் திட்டு வாங்கினாள்.

கூட ஷிப்ட் பார்த்தது எதிர்வீட்டுக்காரர்தான். "காருல பெட்ரோல் இருக்காது. பிள்ளைக்குப் பரீட்சை. உம்ம பைக்கைத் தாரும்," என்றேன்.

"பன்னெண்டு கொடுக்க வண்டில எப்படி வே பெட்ரோல் இல்லாமப் போகும்?"

"பன்னெண்டெல்லாம் கொடுக்காது. சாவியைத் தாரும்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "மிஷினை நான் பாத்துக்கிடுதேன். நீரு பைய போவும்," என்றார். பைய எங்கே போவது?

விக்கிரமசிங்கபுரத்து பங்க்கில் நிறுத்தினேன். கேனில் பெட்ரோல் கொடுக்க மாட்டோம் என்று போர்டே மாட்டியிருக்கிறார்கள். அங்கே பம்ப் பிடிக்கிறவருக்கு என்னைத் தெரியும். என் திருட்டுத்தனம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், திருட்டுத்தனம் என்று தெரியாமலே. "என்ன அண்ணாச்சி, இந்த வாரம் ஆளையே காணோம்? நீங்க வராம வண்டி எப்படி ஓடுதுன்னு நினைச்சேன்," என்றார். விஷயத்தைச் சொன்னேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஐந்து லிட்டர் கேனை நிறைத்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, இந்த வண்டி எவ்வளவு தின்னும் என்று. என் வீட்டில் மட்டும்தான் தெரியாது.

கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டினேன். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர். ரோட்டோரம் வெள்ளியாக எது மின்னினாலும் கண் அங்கே ஓடியது. ஒரு இடத்தில் கார் என்று நினைத்துப் பிரேக் அடித்தால் வைக்கோல் கட்டின் மேல் மூடிய தார்ப்பாய். சேரன்மகாதேவி ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டில் நின்ற அந்த நாலு நிமிஷத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டேன். அவள் இந்தக் கேட்டில் நின்றிருந்தால் எஞ்சினை அணைத்திருப்பாளா, ஏசிக்காக ஓட விட்டிருப்பாளா? அணைத்திருக்க வேண்டும். மகளுக்கு வியர்க்கும் என்று அணைத்திருக்க மாட்டாள்.

பத்தமடையிலும் கார் இல்லை. ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டாளே, பத்து கொடுத்திருக்கும், பதினொன்றுகூடக் கொடுத்திருக்கும். மேலப்பாளையத்து நெரிசலில் மணி ஒன்று ஐந்து. பாளையங்கோட்டையைத் தாண்டித் திருச்செந்தூர் ரோட்டில் ஏறியபோது அநேகமாக நிம்மதியாகிவிட்டேன். போயே சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

வி.எம். சத்திரம் தாண்டி ஒரு கிலோமீட்டரில், புளியமரத்தடியில் கார் நின்றது. முன்மூடி திறந்து கிடந்தது. நான்கு பக்க விளக்கும் மினுக் மினுக் என்று எரிந்துகொண்டிருந்தன. கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஆள் இல்லை. பின் சீட்டில் மகளின் செருப்பும், ஒரு தண்ணீர் பாட்டிலும், மடித்த ஒரு புத்தகமும்.

மணி ஒன்று இருபத்தெட்டு. மையத்துக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர். அந்தச் செருப்பையே பார்த்தேன். வெறுங்காலோடு மத்தியான வெயிலில் ரோட்டில் ஓடினாளா? கேனை அவிழ்க்கவும் தோன்றவில்லை. பைக்கை மறுபடி கிளப்பி மையத்தை நோக்கி ஓட்டினேன். வழியெல்லாம் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன். யாரும் இல்லை.

கல்லூரிக் கதவு பூட்டியிருந்தது. வெளியே வேப்ப மரங்களுக்குக் கீழே நூறு, இருநூறு பெற்றோர்கள். என் மனைவியைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு வேரின் மேல் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தனியாக. மகள் உள்ளே போயிருப்பதால் தனியாகவா, இல்லை மகள் எங்காவது ஒதுங்கி அழுதுகொண்டிருக்கிறாளா? ஒரு முதுகைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியவில்லை. பதினைந்து அடி நடந்து அவள் பின்னால் போய் நின்றேன்.

"உள்ள போயிட்டாளா?"

திரும்பிப் பார்த்தாள். "போயிட்டா. ஒண்ணு இருபத்தேழுக்கு. அவளுக்குப் பின்னால ஒரே ஒரு பையன். அதோட பூட்டிட்டான்."

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னாள். தண்ணீர்க் கேன் ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, இருவரையும் முன்னால் ஏற்றிக்கொண்டு, கேன்கள் உருள உருள ஓட்டி வந்து இறக்கிவிட்டிருக்கிறார். அவசரத்தில் மகள் செருப்பை விட்டுவிட்டாள்.

"வண்டி எத்தனை மணிக்கு நின்னுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுக்கு முன்னாலயே நின்னுட்டு. சூடாயிருக்கும்னு முன்னால திறந்து வச்சுட்டு ஆறட்டும்னு நின்னோம். பதினஞ்சு நிமிஷம். ஒரு ஆட்டோ வந்தது, அவரு ஏத்திக்கிடுதேன்னார், நான்தான் வேண்டாம் இப்ப கிளம்பிரும்னு அனுப்பிட்டேன். பெட்ரோலா இருக்குமோன்னு பிள்ளை கேட்டா. இன்னும் நூத்திமுப்பது கிலோமீட்டர் இருக்கு, அப்பா கணக்கு தப்பாதுன்னு நான்தான் சொன்னேன்."

அந்தப் பதினைந்து நிமிஷம் என்னுடையது. பெட்ரோல் தீர்ந்ததை யாரும் மன்னிக்கலாம். பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கக்கூட வழியில்லாமல் அந்த இரண்டு பேரையும் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தேன். அவர்கள் எஞ்சினைச் சந்தேகப்பட்டார்கள், வெயிலைச் சந்தேகப்பட்டார்கள். என்னைச் சந்தேகப்படவில்லை.

"பெட்ரோல்தான்," என்றேன். "அது ஏழுதான் கொடுக்கும். முதல்ல இருந்தே ஏழுதான்." நடுவில் நான் போட்டு வந்ததையும், மீட்டரைத் தொடாமல் விட்டதையும், அவள் வகுத்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் நான் முன்னமே சரிக்கட்டி வைத்ததையும் சொன்னேன். பக்கத்தில் ஒரு அம்மா கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்; அவருக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னேன்.

"மூணு வருஷமாவா?"

"ஆமா."

கல்லூரிக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. "வேற எதுலெல்லாம் இப்படிச் சொல்லியிருக்கீய?" என்று கேட்டாள்.

"வேற ஒண்ணும் இல்ல."

அது சத்தியம். என் சம்பளம், என் சர்க்கரை அளவு, நான் போன இடம் வந்த இடம், எதிலும் ஒரு பொய் கிடையாது. ஆனால் சொல்கிறது நான்தானே. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நம்புகிறேன் என்று ஆட்டினாளா, கேட்டேன் என்று ஆட்டினாளா என்று எனக்கு விளங்கவில்லை. அதற்கப்புறம் மூன்றரை மணி நேரம் அந்த வேப்பமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் நான் சாவி வாங்கிப் போய்க் கேனை ஊற்றிக் காரை எடுத்து வந்து, சாவியை அவளிடமே கொடுத்தேன்.

ஐந்தே காலுக்கு மகள் வெறுங்காலோடு வெளியே வந்தாள். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். பிறகு, "வண்டிக்கு என்னப்பா ஆச்சு?" என்றாள். மனைவி என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன். சிரித்துவிடுவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பைக்கைக் கார் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் தெரிந்த ஒருவர் வீட்டில் விட்டிருந்தேன். காரை மனைவிதான் ஓட்டினாள். சாவியை நான் கேட்கவில்லை, அது அவள் கையிலேயே இருந்தது. பாளையங்கோட்டையில் முதலில் வந்த பங்க்கில் நிறுத்தித் தொட்டியை நிறைக்கச் சொன்னாள். ஓடும் எண்களைக் கடைசி வரை பார்த்தாள். மூடியைத் திருகியதும் உள்ளே வந்து உட்கார்ந்து டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினாள்.

"சொல்லுங்க. என்ன கொடுக்கும்?"

"ஏழு," என்றேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் கணக்குக்கு அந்த எண்ணைக் கொடுத்தேன். அதில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை.

"சரி. நான் அஞ்சுன்னு வச்சுக்கிடுதேன்," என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.